யார் பேச்சுக்கு யார் பதில் சொல்வது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2012-இல் ரிக் சான்டோரம் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்தபோது சிபிஎஸ் காலை நிகழ்ச்சிக்குக் கொடுத்த பேட்டியைச் சமீபத்தில் பார்த்தேன். அவருடைய ஆதரவாளர் ஒருவர் முந்தைய நாள் வேறொரு சேனலில் கருத்தடை பற்றி மட்டமான ஜோக் அடித்திருக்கிறார். அதைப் பற்றி நிகழ்ச்சியை நடத்தும் சார்லி ரோஸ் கேட்கிறார். ஆதரவாளர்கள் சொல்வதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை, இது மாட்டிவிடப் பார்க்கிற வேலை என்று சான்டோரம் கோபப்படுகிறார். அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகப் படுகிறது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஒவ்வொருவர் பேச்சுக்கும் தலைவரிடம் கணக்குக் கேட்டால் கொள்கையைப் பேச நேரம் ஏது? ஒபாமாவை இப்படிக் கேட்கவில்லையே என்று அவர் சொன்னதும் சரிதானே?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அந்த ஆதரவாளர் யார் என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவர் பெயர் ஃபாஸ்டர் ஃப்ரீஸ். முதலீட்டுத் தொழிலில் பெரும் பணம் சம்பாதித்தவர். சான்டோரமுக்காகப் பிரசாரம் செய்த ‘சூப்பர் பேக்’ அமைப்புக்குப் பெருந்தொகை கொடுத்தவர். வேட்பாளரின் குழுவோடு கலந்து திட்டமிடாத வரை இத்தகைய அமைப்புகள் வரம்பில்லாமல் பணம் திரட்டிச் செலவழிக்கலாம் என்பது 2010-க்குப் பிறகு அங்கே வந்த ஏற்பாடு. சான்டோரமின் வெற்றி மேடையிலும் கூடவே நின்றவர் ஃப்ரீஸ். இவரை ‘ஊர்வாய்’ என்று சொல்ல முடியாது.

அவர் பேசிய நேரத்தையும் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் கருத்தடைக்கான செலவும் சேர வேண்டும் என்ற ஒபாமா அரசின் விதியை ஒட்டி 2012 பிப்ரவரியில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான், தங்கள் காலத்தில் கருத்தடைக்குப் பெண்கள் ஆஸ்பிரின் மாத்திரையை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொள்வார்கள், செலவும் குறைவு என்றார் ஃப்ரீஸ். கால்களைச் சேர்த்தே வைத்திருந்தால் கருத்தடையே தேவையில்லை என்பதுதான் அந்த ஜோக். பேட்டி எடுத்த ஆண்ட்ரியா மிட்செல், மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் தொடர முடிந்தது. மறுநாள் காலை வந்த வேட்பாளரிடம் அதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் தவறு. கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். யாருடைய பணமும் மேடைத் துணையும் ஒரு தலைவருக்குப் பயன்படுகிறதோ, அவருடைய பேச்சைப் பற்றி அந்தத் தலைவரைக் கேட்கலாம். கூட்டத்தில் யாரோ ஒருவர் கத்தியதற்கு அவரை உலுக்குவது வேறு.

ஒபாமாவை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை இல்லை. அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட் அமெரிக்காவைக் கடுமையாகச் சாடிய பிரசங்கங்களைப் பற்றி 2008-இல் அவரைத் துளைத்து எடுத்தார்கள். மார்ச் 18-ஆம் தேதி பிலடெல்பியாவில் அதற்காகவே ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். அதன்பிறகும் ஏப்ரலில் ஏபிசி நடத்திய விவாதத்தில் அதே கேள்வி வந்தது. கடைசியில் அந்தத் தேவாலயத்தை விட்டே விலகினார். இருபது வருடப் பழக்கம் என்பதால் ரைட்டைப் பற்றிக் கேட்டது சரி. ஆனால் அதே 2008 பிப்ரவரியில் கிளீவ்லாந்து விவாதத்தில் பத்திரிகையாளர் டிம் ரஸ்ஸர்ட், ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பின் தலைவர் லூயிஸ் ஃபராக்கானின் ஆதரவைப் பற்றிக் கேட்டாரே, அங்கே எனக்கு உடன்பாடு இல்லை. ஆதரவை நான் கேட்கவில்லை, அவருடைய யூத வெறுப்புப் பேச்சைக் கண்டிக்கிறேன் என்று ஒபாமா தெளிவாகச் சொன்னார். அத்தோடு விட்டிருக்க வேண்டும். ரஸ்ஸர்ட் விடவில்லை. ஃபராக்கானின் பழைய வாசகங்களை எடுத்துவைத்து மேலும் கேட்டார். பதில் வந்தபிறகும் அப்படி இழுத்தால், பார்ப்பவர் மனதில் இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

பதிலே வராதபோது விடாமல் கேட்பது வேறு விஷயம். 2016 பிப்ரவரி 28 அன்று சிஎன்என் பேட்டியாளர் ஜேக் டாப்பர், வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக்கின் ஆதரவைப் பற்றி, அப்போது அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த டிரம்ப்பிடம் கேட்டார். டியூக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் டிரம்ப். இரண்டு நாள் முன்பு நிருபர்கள் கேட்டபோது, அந்த ஆதரவு வேண்டாம் என்று ஒரு வரியில் சொன்னவர்தான் அவர். 2000-இல் ரிஃபார்ம் கட்சியை விட்டு விலகியபோது டியூக்கின் பெயரைச் சொல்லியே குறைபட்டவரும் அவர்தான். டாப்பர் திரும்பத் திரும்பக் கேட்டும் நேரான பதில் வரவில்லை. மறுநாள், காதில் வைத்த கருவி சரியில்லை என்றார். அங்கே டாப்பர் ஒரே கேள்வியில் நிறுத்தியிருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பேட்டியாளரே தேவைப்படாத சந்தர்ப்பமும் உண்டு. 2008 அக்டோபரில் மின்னசோட்டாவின் லேக்வில்லில், ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்னின் கூட்டம். ஒபாமா அதிபராவதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்கிறார் ஒருவர். பயப்பட வேண்டாம், அவர் கண்ணியமானவர் என்று மெக்கெய்ன் சொல்ல, அவருடைய சொந்தக் கூட்டமே எதிர்ப்புக் கூச்சல் போடுகிறது. அப்புறம் ஒரு பெண்மணி எழுந்து, ஒபாமா ஓர் அரபு என்கிறார். மெக்கெய்ன் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கை வாங்கிக்கொள்கிறார். இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்கிறார். அரபு என்பதற்கு எதிர்ச்சொல் நல்ல மனிதர் என்பதுபோல ஆகிவிட்டதே என்று பிறகு சிலர் குறை சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. இருந்தாலும் ஓட்டுப் போட வந்தவர்களின் கூச்சலுக்கு நடுவில் நின்று அவர்களைத் திருத்த அவர் தயாராக இருந்தார். அந்த மரியாதை அவருக்கு உரியது.

சான்டோரமுக்கு வருகிறேன். ஜோக் மட்டமானது என்று அவரும் ஒப்புக்கொண்டார். சரி, அந்த விஷயம் அங்கே முடிந்தது. அதற்கு மேல் ஃப்ரீஸைப் பற்றிப் பேசப் பேச, தான் பழிவாங்கப்படுவதாகச் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கிறது. அவரை உட்காரவைத்துக் கேட்க அவருடைய சொந்தப் பேச்சே இருந்தது. கருத்தடை சரியானதல்ல என்று 2011 அக்டோபரில் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார், அதிபரானால் அதன் ஆபத்துகளைப் பற்றிப் பேசுவேன் என்றும். ‘அதிபரான பிறகு அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்ற கேள்விக்குத்தான் அந்தக் காலை நேரத்தில் பெரும்பகுதி போயிருக்க வேண்டும்.

அன்புடன்