கன்னிசாமி ஏன் தனி?

கேள்வி: முதல் முறையாகச் சபரிமலைக்கு மாலை போடுபவரை மட்டும் 'கன்னிசாமி' என்று தனித்து அழைக்கிறார்களே, ஏன்? காதுகுத்து, திருமணம் போல இதையும் ஒரு நிலைமாற்றச் சடங்கு எனக் கொள்ளலாமா?
- திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: கொள்ளலாம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலைமாற்றச் சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என மூன்று கட்டங்கள் இருப்பதாக மானுடவியலாளர் வான் ஜென்னப் 1909-இல் எழுதினார். மாலை போட்ட நாளிலிருந்து ஒருவர் செருப்பையும் சவரத்தையும் விட்டு, கறுப்போ நீலமோ உடுத்தி, மரபுப்படி 41 நாள் விரதம் காக்கிறார். வீட்டிலேயே இருந்தாலும் வீட்டிலிருந்து பிரிந்தவராகிறார். பெற்ற தகப்பனும் மகனைச் 'சாமி' என்றே அழைப்பதால், அவருடைய பெயர்கூட அந்நாட்களில் புழங்குவதில்லை. (ஒரே வாரத்தில் மாலை போட்டு மலையேறித் திரும்பும் இன்றைய அவசரத்தில் இந்த இடைநிலை முற்றுவதற்கு நேரமே கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.)

யாத்திரையில் ஏற்றத்தாழ்வுகள் கரைந்து எல்லோரும் சமமாகும் ஓர் உறவு பிறக்கிறது என்றார் மானுடவியலாளர் விக்டர் டர்னர். சபரிமலையில் சாதியும் பதவியும் ஓரளவு ஒதுங்குகின்றன என்றாலும், கன்னிசாமி முதல் பலமுறை மலையேறி வழிகாட்டும் குருசாமி வரை வேறொரு படிநிலை அங்கே உண்டு. இருமுடி கட்டும்போது தேங்காயின் கண்ணைத் திறந்து நெய் நிரப்பி அடைக்கவும், அந்த இருமுடியுடன்தான் பதினெட்டாம்படி ஏற வேண்டும் என்பதையும் குருசாமியே கற்பிக்கிறார். எருமேலியில் பேட்டை துள்ளல் என்னும் ஆட்டம் ஆடிய கன்னிசாமி, தான் கொண்டுவந்த சரக்கோலை, அதாவது மர அம்பை, சன்னிதானம் செல்லும் வழியிலுள்ள சரங்குத்தியில் குத்துகிறார். கன்னிசாமி வராத ஆண்டில் சன்னிதானத்தருகே தனிக் கோயில் கொண்ட மாளிகைப்புறத்தம்மனை மணப்பதாக ஐயப்பன் வாக்களித்தார் என்பது ஐதிகம். ஆண்டுதோறும் அம்மனின் எழுந்தருளல் சரங்குத்தி வரை வந்து, குவிந்து கிடக்கும் சரக்கோல்களைக் கண்டு திரும்புகிறது. ஆகவே புதியவர் தமக்காக மட்டும் மலையேறுவதில்லை. அவருடைய வருகையில்தான் அந்தக் கதை ஆண்டுதோறும் தொடர்கிறது.

திருமணமான ஒருவரை ஊரே புதிய நிலையில் ஏற்றுக்கொள்கிறது. இங்கோ ஊர் திரும்பி மாலையைக் கழற்றியதும் பழைய பெயரும் செருப்பும் திரும்பிவிடுகின்றன. அடைந்த நிலை மலையின் கணக்கில் மட்டுமே நிற்கிறது. பதினெட்டாம் ஆண்டில் சன்னிதானத்துக்குத் தென்னங்கன்று சுமந்து செல்லும் வழக்கம் அந்தக் கணக்கைச் சேர்ந்ததே. மறு கார்த்திகையில் அவர் மீண்டும் மாலை போடும்போது, அவரை யாரும் கன்னிசாமி என்று அழைப்பதில்லை.