விரல்கள் கோணின; எலும்பு அரிக்கவில்லை

கேள்வி: என் தாயாரின் கைவிரல்கள் ஏழெட்டு ஆண்டுகளில் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. முடக்குவாதமோ என்று எக்ஸ்ரே எடுத்தோம். ‘எலும்பு அரிப்பு இல்லை’ என்கிறது அறிக்கை. இவ்வளவு கோணல் இருந்தும் எலும்பு எப்படி நன்றாக இருக்க முடியும்?

பதில்: இருக்க முடியும். மூட்டு அழிந்தாலும் விரல் கோணும். மூட்டைப் பிடித்து நிறுத்தும் நார்கள் தளர்ந்தாலும் கோணும். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவது எலும்பும் மூட்டு இடைவெளியும்தான்; நார்களின் தளர்ச்சி அதில் நேரடியாகத் தெரியாது.

முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டு உட்சவ்வு, குருத்தெலும்பு மூடாத எலும்பின் ஓரத்தைத்தான் முதலில் அரிக்கிறது. ஆகவே விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு ஆகியவற்றின் விளிம்புகளில் சிறு பள்ளங்கள் உண்டா, அருகிலுள்ள எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறதா, இடைவெளி ஒரே சீராகக் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேய்மானம் பெரும்பாலும் நகத்தை ஒட்டிய மூட்டிலும் கட்டைவிரலின் அடியிலும் எலும்பு முளைகளோடு வரும். சோரியாசிஸ் மூட்டுநோயும் நகமூட்டைத் தாக்கும். முற்றினால் ஓர் எலும்பு பென்சில் முனைபோலக் கூர்ந்து, அடுத்தது கிண்ணம்போலக் குழிந்துவிடும்.

உங்கள் தாயாரைப் போல நெடுநாள் கோணல் இருந்தும் அரிப்பே இல்லாதபோது, என் ஐயம் முதலில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்கும் லூபஸ் நோயின் பக்கம் திரும்பும். அதில் வரும் இத்தகைய கோணலுக்கு ஜாக்கூ மூட்டுநோய் என்று பெயர். மற்றொரு கையால் மெல்லத் தள்ளினால் விரல்கள் நேராகிவிடுவது இதன் அடையாளம்; வற்புறுத்தித் தள்ள வேண்டாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: உள்ளங்கையை எக்ஸ்ரே தட்டில் அழுத்தி வைத்ததும் விரல்கள் நிமிர்ந்துகொள்வதால், படத்தில் கோணலே மறைந்துபோகலாம். பந்தைப் பிடிக்க ஏந்தியதுபோல் கைகளைச் சாய்த்து எடுக்கும் நோர்கார்ட் நிலைப் படத்தில் அந்த அழுத்தம் இல்லை. தொடக்கநிலை அரிப்பும் அதில் எளிதாகப் புலப்படும்.

இவ்வளவு சொன்னாலும் ஒரு படத்தை வைத்து முடக்குவாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நோயின் முதல் மாதங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அரிப்பை முன்னதாகவே காட்டிவிடும். பலருக்குக் கையைவிடக் காலில், குறிப்பாகச் சுண்டுவிரலின் அடிமூட்டில், அரிப்பு முந்திக்கொள்வதும் உண்டு. எனவே பாதங்களுக்கும் படம் எடுக்கலாமா என்று மூட்டுவாத மருத்துவரிடம் கேளுங்கள். முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்ட்டி சி.சி.பி., லூபஸைக் கண்டறிய உதவும் ஏ.என்.ஏ. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தேவையா என்பதையும் அவரே முடிவுசெய்வார். பழைய படங்கள் இருந்தால் அறிக்கையை மட்டுமல்லாமல் படத்தையே எடுத்துச் செல்லுங்கள்.