செல்டா கேம்ல வர்ற காக்கா, கழுகு எதிரிங்க: கேள்வி பதில்

நின்டெண்டோவோட செல்டா வீடியோ கேம் சீரிஸ்ல பறந்து வந்து அடிக்கிற பறவைங்கள பத்தி வந்த கேள்விக்கெல்லாம் இங்க பதில் போடுறேன்.

கேள்வி: ப்ரோ, முதல் பறவை எதிரி எந்த கேம்ல?

பதில்: 1987ல வந்த ரெண்டாவது கேம்லயே இருக்கு, அதுல கடைசி அரண்மனைல பறவை தலையோட வர்ற ஃபோக்கா வீரனுங்க கத்திலருந்து கதிர் விடுவானுங்க, ரொம்பவே கஷ்டம். நாம சாதாரணமா சொல்ற காக்கா 1991ல எ லிங்க் டு தி பாஸ்ட்ல வந்துச்சு. மரத்துல சும்மா உக்காந்திருக்கும், கிட்ட போனா பாஞ்சு வரும். அதே கேம்ல வர்ற இருட்டு உலகத்துல காக்காவுக்கு பதிலா டாக்டோன்னு ஒரு பறவை.

கேள்வி: அண்ணா, லிங்க்ஸ் அவேக்கனிங் கேம்ல ரிச்சர்டுன்னு ஒருத்தன் அஞ்சு தங்க இலை கேக்குறான், நாலுதான் கிடைச்சுது. கோட்டை ஃபுல்லா தேடிட்டேன்.

பதில்: கோட்டைக்கு உள்ள தேடாத தம்பி, வெளிய தோட்டத்துல மரத்து மேல பாரு, ஒரு காக்கா இருக்கும், இலை அதுகிட்டதான். கீழ இருக்கிற கல்ல தூக்கி அது மேல எறி, கீழ இறங்கி உன்ன அடிக்க வரும், அப்ப வெட்டிடு.

கேள்வி: மஜோராஸ் மாஸ்க் கேம்ல ஒரு பறவை என் கத்திய தூக்கிட்டு போயிடுச்சு!! கேம் போச்சா?

பதில்: போகல, பயப்படாதீங்க. அது பேரு டக்குரி, டெர்மினா ஃபீல்டுல மில்க் ரோடு போற வழியில சுத்திட்டு இருக்கும், மேல மோதினா கத்தி, பாட்டில், ருப்பீ (கேம்ல வர்ற காசு) எது வேணா பிடுங்கிட்டு போகும். அது தூக்கிட்டு போன பொருள் மேற்கு க்ளாக் டவுன்ல ராத்திரி பத்து மணிக்கு மேல திறக்கிற கியூரியாசிட்டி ஷாப்ல விலைக்கு இருக்கும், காசு குடுத்துதான் திரும்ப வாங்கணும். இந்த சீரிஸ்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச பறவை இதுதான், ஏன்னா மத்ததெல்லாம் அடிச்சா ஹார்ட் (நம்ம உயிர் அளவு) கொஞ்சம் குறையும் அவ்ளோதான், இது நாம கஷ்டப்பட்டு சேர்த்தத எடுத்துட்டு போகுது, அதனால அந்த வழியில போறப்ப எல்லாம் மனசு தானா வானத்த பாக்குது. அடுத்த தடவை தூரத்துலயே நின்னு வில்லால அடிங்க, கத்திய நம்பி கிட்ட போகாதீங்க. செத்தா 200 ருப்பீ தரும், ஆனா ஆரம்ப பர்ஸ்ல 99க்கு மேல நிக்காது, அதனால முதல்ல பேங்க்ல 200 போட்டு பெரிய பர்ஸ வாங்கிட்டு வாங்க. பேங்க்ல போட்ட காச டக்குரி தொட முடியாது.

கேள்வி: விண்ட் வேக்கர் கேம்ல தங்க இறகு சீக்கிரமா சேர்க்க வழி?

பதில்: டிராகன் ரூஸ்ட் தீவுல ஹாஸ்கிட்னு ஒருத்தர் 20 கேக்குறாரே அதுக்குதானே? கார்காராக்ங்கிற பறவை எதிரி கீழ வந்ததும் கத்திய எடுக்காம முதல்ல கிராப்ளிங் ஹூக்க (கொக்கி கட்டின கயிறு) போட்டு இறக பிடுங்குங்க, அப்புறம் கொல்லுங்க. இறகெல்லாம் குடுத்துட்டா பின்னாடி கடிதத்தோட ஒரு ஹார்ட் பீஸ் (உயிர் அளவ கூட்ட சேர்க்கிற துண்டு) வரும், கண்டிப்பா செய்யலாம்.

கேள்வி: அப்ப அதே கேம்ல அந்த பெரிய பறவை, ஹீரோவோட தங்கச்சிய தூக்கிட்டு போறது?

பதில்: ஹெல்மராக் கிங். சுத்தியலால முகமூடிய உடைக்கணும், அது உடையற வரைக்கும் வேற எதுவும் வேலைக்காகாது.

கேள்வி: கோழியும் எதிரி லிஸ்ட்ல வருமா?

பதில்: வராது. குக்கோ (செல்டால கோழியோட பேரு) தானா வந்து யாரையும் அடிக்காது, நாம திரும்ப திரும்ப அடிச்சாதான் கூட்டமா வரும். ப்ரெத் ஆஃப் தி வைல்டுல ராட்சசன் அடி கோழி மேல பட்டா அந்த கூட்டம் அவன் மேலயே பாயும், ஒரு தடவையாவது பண்ணி பாருங்க.

கேள்வி: அந்த ப்ரெத் ஆஃப் தி வைல்டுல ஏன் பறவை எதிரியே இல்ல?

பதில்: 2017ல வந்த அந்த கேம்ல பறவையெல்லாம் வேட்டைக்குதான், அடிச்சா இறைச்சி. எனக்கு அது குறையாவே தெரிஞ்சுது, அவ்ளோ பெரிய வானம் காலியா இருந்துச்சு. 2023ல டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்ல ஏரோகுடாங்கிற பறக்கும் எதிரி வந்து அத சரி பண்ணிடுச்சு, கால்ல பாறைய பிடிச்சுட்டு வரும், சில சமயம் போகோப்ளின்ங்கிற இன்னொரு எதிரியையே தூக்கிட்டு வரும். அதோட இறக்கைய அம்புல ஒட்டுங்க, ரொம்ப தூரம் போகும், கண்ண ஒட்டினா குறிய தேடி போய் அடிக்கும். இறக்கை கிடைச்சா விக்காதீங்க, சேர்த்து வைங்க.