காயலான் கடைப் பெட்டியும் தம்பியின் படிப்பும்

அம்மா, வணக்கம்.

ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி, புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய காரின் இசியூவை (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) வாங்கிவந்து, அதை வைத்துத் தோட்டத்துச் சொட்டுநீர் வால்வுகளை இயக்கப்போவதாக இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். படிப்பு கெட்டுவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள்.

அவன் ஆசையில் அர்த்தம் இருக்கிறது. வண்டியின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவே செய்த பெட்டி அது. சென்சார்கள் தரும் 0 முதல் 5 வோல்ட் வரையான அளவுகளைப் படித்து, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மில்லிசெகண்ட் கணக்கில் திறந்து மூடும். அப்படியென்றால் தண்ணீர் வால்வையும் திறக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். சிக்கல், உள்ளே இருக்கும் ப்ரோகிராமில். இஞ்சினின் சுழற்சியைக் கவனிக்கும் க்ராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வராதவரை, இஞ்சின் நின்றிருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். ப்ரோகிராமை மாற்றலாம் என்றால் பல இசியூக்களில் பூட்டு இருக்கும், சர்க்யூட் விவரமும் கிடைக்காது. சொட்டுநீருக்குச் சில நூறு ரூபாய் இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டே போதும்.

சரி, பெட்டியை என்ன செய்வது? அதற்குப் பொய்யாக ஒரு இஞ்சினைக் காட்டச் சொல்லுங்கள். பல கார்களில் க்ராங்க் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் 2 பல் இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் இசியூ சுழற்சியின் நிலையைக் கண்டுபிடிக்கிறது. ஆர்டுவினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டால் இதே துடிப்பை உருவாக்க முடியும். 1,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) என்றால் பல்லின் வேகம் சரியாக 1,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,000 பல் இடங்கள். த்ராட்டிலுக்குப் பதில், திருகினால் வோல்ட் மாறும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், கூலன்ட் சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர், இன்ஜெக்டருக்குப் பதில் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி. 'கூலன்ட் சூடாகிவிட்டது' என்று பொய் சொன்னால் இன்ஜெக்டர் திறக்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று, சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்கட்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இஞ்சினை ஓடவிடாத பூட்டு) உள்ள வண்டியின் இசியூ என்றால் இன்ஜெக்டரைத் திறக்காமல் அடம்பிடிக்கலாம். கடையில் கேட்டு, அது இல்லாத பழைய மாடலாக மாற்றிக்கொள்வது நல்லது.

இது விளையாட்டு இல்லை அம்மா. ஹார்டுவேர் இன் த லூப் என்ற பெயரில் வாகனக் கம்பெனிகளின் டெஸ்டிங் பிரிவுகளில் தினமும் நடக்கும் வேலை இதுதான். கோயம்புத்தூரில் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் இருக்கிறது, ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் பைக்குகளுக்கும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டதால், இசியூ தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை கூடியிருக்கிறது. 'சி' மொழியும், வண்டியின் இசியூக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸும் கூடவே படித்துக்கொண்டால், நேர்காணலில் பேச அவன் கையில் சொந்தச் சரக்கு இருக்கும்.

இரண்டு கண்டிப்புகள். ஃப்யூஸ் இல்லாமல் 12 வோல்ட் பேட்டரியில் இணைக்கக் கூடாது, இக்னிஷன் காயிலைத் தொடவே கூடாது, அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். அப்புறம், அரியர். அது இருந்தால் பல கம்பெனிகள் கேம்பஸ் தேர்வில் உட்காரவே விடுவதில்லை. போன செமஸ்டரில் விழுந்த கணக்குப் பேப்பரை நவம்பரில் எழுதி முடிக்கும்வரை சனி, ஞாயிறு மட்டும் பெட்டி என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். டிசம்பரில் அவன் எழுதிவைத்த குறிப்பு நோட்டோடு என்னிடம் அனுப்புங்கள், ரெஸ்யூமேவை உட்கார்ந்து எழுதிவிடுவோம்.