தார்ச் சாலைக் கலவை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: எந்தக் கலவை போட்டால் சாலை அதிக நாள் தாங்கும்?

பதில்: எந்தச் சாலை, என்ன வண்டி, எவ்வளவு வெயில் என்று சொல்லுங்கள். பாரவண்டி ஊர்ந்து ஏறும் மேட்டுக்குக் கெட்டியான தார். வண்டி குறைந்த சாலையில் தார் காய்ந்துதான் வெடிக்கும். அங்கே இளகிய ரகத் தார். எதுவானாலும் சூடு ஆறுமுன் ரோலரால் உருட்டி முடியுங்கள்.

கேள்வி: மார்ஷல் சோதனையில் (ஆய்வகத்தில் கலவை மாதிரியை அழுத்திப் பார்ப்பது) ஸ்டெபிலிட்டி, அதாவது தாங்கும் பாரம், கூடுதலாக வந்த கலவையை எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. தாரைக் கொஞ்சம் குறைத்தாலே அந்த எண் ஏறிவிடும். பிறகு சாலை ஓடு மாதிரி விண்டுபோகும். ஃப்ளோ, அதாவது உடையுமுன் மாதிரி நசுங்கும் அளவு, எவ்வளவு என்று பார்த்தீர்களா? 2 மி.மீ.க்குக் கீழே என்றால் எனக்குப் பயம்.

அவரே மறுபடி: அப்போது தாரை அள்ளிக் கொட்டச் சொல்கிறீர்கள். வெயிலில் சக்கரத்தடம் விழுமே?

பதில்: கொட்டச் சொல்லவில்லை. ஆய்வக மாதிரியில் 4 சதவீதம் காற்றிடைவெளி நிற்கும் அளவு போடச் சொல்கிறேன். சாதாரணக் கலவையில் அது எடையில் 5 சதவீதத்தை ஒட்டி வரும். தடம் விழாமல் பிடிப்பது கல். உருண்டைக் கூழாங்கல்லையும் ஆற்று மணலையும் போட்டுவிட்டுத் தாரைத் திட்டுவது நியாயமில்லை. ஆணி பதித்த டயர்கள் சாலையைத் தின்றதால் 1960களில் ஜெர்மனியில் பிறந்த எஸ்.எம்.ஏ. (ஸ்டோன் மாஸ்டிக் அஸ்பால்ட்) கலவையைப் பாருங்கள். அதில் தார் 6, 7 சதவீதம், வழியாமலிருக்க 0.3 சதவீதம் நார். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று முட்டி நிற்பதால் அத்தனை தாரிலும் தடம் எளிதில் விழுவதில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அவரே: எஸ்.எம்.ஏ. வேறு கதை.

பதில்: கல்லும் தாரும்தானே ஐயா, என்ன வேறு கதை!

கேள்வி: இரண்டே மழையில் ஜல்லி உதிர்கிறது. கலப்படத் தாரா?

பதில்: எடுத்த எடுப்பில் தாரைச் சொல்லாதீர்கள். இப்படி உதிர்ந்த சாலையில் வெட்டியெடுத்த உருளை மாதிரி ஒன்று என் கைக்கு வந்தது. மேல்பாதி கறுப்பாக, ஒழுங்காக இருந்தது. அடிப்பாதியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். ஜல்லி கழுவி வைத்ததுபோல் வெளுத்து விழுந்தது. ஆறிய கலவையை உருட்டியிருக்கிறார்கள்; அது இறுகாமல் காற்றிடைவெளி மிஞ்சிவிட்டது. உருட்டி முடித்த சாலையில் அந்த இடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒவ்வொரு சக்கரமும் அதைப் பம்பு போல அழுத்தித் தாரைக் கல்லிலிருந்து உரிக்கும். சிலிக்கா மிகுந்த கல் என்றால் இன்னும் சீக்கிரம். 1 முதல் 2 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பு உதவும். ஆனால் சூடு ஆறுமுன் உருட்டுங்கள், இதைச் சொல்லி வாய் வலிக்கிறது.

கேள்வி: பாலிமர் தார் (ரப்பர் போன்ற பொருள் கலந்தது) போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?

பதில்: தடத்துக்கும் வெடிப்புக்கும் நல்லது. உருட்டாத கலவையை அது காப்பாற்றாது. இன்னும் கூடுதல் சூட்டில் உருட்ட வேண்டியது அது.

கேள்வி: 19 மி.மீ. ஜல்லிக் கலவையை 40 மி.மீ. தடிமனில் விரிக்கலாமா?

பதில்: கூடாது. தடிமன் கல்லளவைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். இல்லாவிட்டால் ரோலர் கல்லைத்தான் உடைக்கும்.

கேள்வி: வடிகால் இல்லாத சாலைக்கு எந்தக் கலவை?

பதில்: முதலில் வடிகால்.

கேள்வி: எந்தக் கலவை அதிக நாள் தாங்கும்?

பதில்: மேலே முதல் கேள்வி.