இறுதிப் போட்டி இல்லாத சம்பியன்
வாசகர் கேள்விகளும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் பதில்களும்

சென்ற இதழில் டென்மார்க்கின் முதல்தர உதைபந்தாட்ட லீக் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். 2024 இல் இகாஸ்ட் நகரில் உள்ள தங்கையின் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்ததையும், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தை அரங்கில் இருந்து பார்த்ததையும் அதில் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

ஐயா, என் மகன் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரில் இருக்கிறான். ‘கடைசி நாளில் எங்கள் கழகம் சம்பியனாகிவிட்டது’ என்று 2024 இல் தொலைபேசியில் கத்தினான். இறுதிப் போட்டி யாரோடு என்று கேட்டேன். இறுதிப் போட்டியே இல்லை என்கிறான். அது எப்படி?
– வாசகர், ஆரையம்பதி

உங்கள் மகன் சொன்னது சரி. நம் ஊரில் சுற்றுப்போட்டி என்றால் பந்தல், ஒலிபெருக்கி, இறுதி ஆட்டம், கிண்ணம் என்றே பழகிவிட்டோம். அங்கே சம்பியன் பட்டம் ஆடி மாதத்திலிருந்து வைகாசி வரை புள்ளி புள்ளியாகச் சேர்கிறது. வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று.

கழகங்கள் 12. ஒவ்வொன்றும் மற்றப் பதினொன்றையும் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் சந்திக்கும். அது 22 ஆட்டம். பிறகு பட்டியலை நடுவில் பிரிக்கிறார்கள். மேலே உள்ள ஆறும் பட்டத்துக்காகத் தமக்குள் ஆடும். கீழே உள்ள ஆறும் தரமிறங்காமல் தப்புவதற்காகத் தமக்குள் ஆடும். அது இன்னும் 10 ஆட்டம். முன்பு சேர்த்த புள்ளிகள் அழிவதில்லை. ஆக, முதலாம் இடத்துக் கழகத்துக்கும் 32 ஆட்டம், பன்னிரண்டாம் இடத்துக் கழகத்துக்கும் 32 ஆட்டம். கடைசி இரண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும்.

‘சுப்பர்லீக’ என்ற பெயரில் இது 1991 இல் பத்துக் கழகங்களோடு தொடங்கியது. முதல் சம்பியன் புரொன்பி கழகம்.

அந்தக் கடைசி நாளில் அரங்கில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லுங்கள்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

சொல்கிறேன் மகள். இதைச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. 31 ஆட்டங்கள் முடிந்து, ஹேர்னிங்கின் மிட்யுலன் கழகத்துக்கும் புரொன்பிக்கும் தலா 62 புள்ளிகள். ஆடி மாதம் தொடங்கிய ஓட்டத்தில் பத்து மாதம் ஓடிய பிறகும் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். மிட்யுலன் ஹேர்னிங்கில் சில்கபோர்க்கை எதிர்கொண்டது. புரொன்பி, தலைநகர் கோப்பன்ஹேகனை ஒட்டிய தன் சொந்த மைதானத்தில் ஓர்ஹுஸ் நகரின் ஏ.ஜி.எப். கழகத்தை எதிர்கொண்டது. ஒருவர் முடிவைப் பார்த்து மற்றவர் ஆடக் கூடாது என்பதற்காக இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கின.

சில்கபோர்க் அயல் நகரம்தான். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற தூரம். அதனால் எதிரணியின் ஆட்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். என் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு டெனிஷ்காரர். நான்காக மடித்த ஒரு தாளை மடியில் வைத்திருந்தார். விரித்தபோது பார்த்தேன்: 32 வரிசைகள், ஒவ்வொன்றிலும் எதிரணியின் பெயர், கோல்கள், புள்ளி, எல்லாம் பென்சிலால். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் பட்டி ஒட்டியிருந்தார். நடுவில் ஓரிடத்தில் இரண்டு வரிசைக்கு இடையே ஒரு தடித்த கோடு. என்னவென்று கேட்டேன். ‘குளிர்கால நிறுத்தம்’ என்றார். கடைசி வரிசை மட்டும் வெறுமையாக இருந்தது.

ஆட்டத்தில் மிட்யுலனால் வெல்ல முடியவில்லை. 3–3. தொண்ணூறு நிமிடமும் கண் முன்னே பந்து ஓடியது. காதுகளோ புரொன்பியில் இருந்தன. அரங்கின் ஒரு மூலையில் யாரோ தொலைபேசியைப் பார்ப்பார். சத்தம் அங்கே கிளம்பி, வரிசை வரிசையாகத் தாவி எங்களிடம் வரும். நவலடியில் கரைவலை இழுக்கும்போது கயிற்றின் ஒரு முனையில் எழுகிற குரல் மறுமுனைக்குப் போகுமே, அதுபோல. கடைசியில் வந்த செய்தி, புரொன்பி 2–3 என்று தோற்றுவிட்டது. மிட்யுலன் 63, புரொன்பி 62. பெரியவர் உடனே எழும்பவில்லை. முதலில் பென்சிலை எடுத்து அந்தக் கடைசி வரிசையில் ‘3–3’ என்று எழுதினார், பக்கத்தில் ‘1’ என்று புள்ளியை எழுதினார். பிறகுதான் அழுதார்.

பட்டம் சமநிலையில் கிடைத்தது என்று குறை சொன்னவர்களும் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐப்பசியில் ஒரு மழை நாளில் சேர்த்த ஒரு புள்ளியும் அந்த 63 க்குள் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று இரு பெரிய கழகங்களையும் தடுத்த சில்கபோர்க்கும் ஏ.ஜி.எப்.பும் அதே மே மாதம் 9 ஆம் திகதி டென்மார்க் கிண்ண இறுதியில் ஒன்றோடொன்று மோதிய அணிகள். சில்கபோர்க் 1–0 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. பட்டத்துக்கான வாய்ப்பு இல்லாத அணிகள், கடைசி நாளில் எதிரணிக்கு எதையும் சும்மா கொடுக்கவில்லை. நான் மத்தியஸ்தராக நின்ற காலத்தில், வெளியேறிவிட்ட அணி எட்டுப் பேரோடு வந்து நின்றதைப் பார்த்தவன். ஆகவே எனக்கு அது பெரிய விடயம்.

மூன்றாம் இடம் யாருக்கு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். எப்.சி. கோப்பன்ஹேகன். அதே பருவத்தில் சம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைட்டட்டை 4–3 என்று வென்று, கடைசிப் பதினாறு அணிகளுக்குள் நுழைந்த கழகம் அது. உலகமே பார்த்த வெற்றி. ஆனாலும் உள்ளூர்ப் பட்டியலில் அதற்கென்று தனிப் புள்ளி கிடையாது.

அந்தப் பெரியவரின் ‘குளிர்கால நிறுத்தம்’ போலத்தான் நாமும் மாரியில் நிறுத்துகிறோம். என்ன வித்தியாசம்?
– வாசகர், வாழைச்சேனை

(இந்தக் கேள்வியின் முதற் பகுதியை முந்தைய பதிலோடு பொருந்தும்படி சிறிது மாற்றியிருக்கிறேன். வாசகர் பொறுத்தருள வேண்டும்.)

வித்தியாசம், அவர்கள் திரும்பி வரும் நாளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். 2023 ஆடியில் தொடங்கிய பருவம், 17 சுற்றுகள் முடிந்ததும் மார்கழித் தொடக்கத்தில் நின்றது. மாசி நடுவில் 18 ஆம் சுற்று. இடையில் பத்து வாரத்துக்கு மேல். பனி, இருட்டு, இறுகிய நிலம். நான் மாசிக் கடைசியில் போய் இறங்கியபோதும் மூச்சு புகையாக வந்தது.

நமக்கும் கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக் காற்றும் மழையும். வாவி ஏறி வந்து மைதானத்தின் கோல் கம்பங்கள் தண்ணீரில் நிற்கும். அதில் ஆடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும், அடுத்த ஆட்டம் எப்போது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. யாராவது கிண்ணம் ஒன்று அறிவிக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஆனியில் கச்சான் காற்று அடித்து மணல் கொதிக்கத் தொடங்கும்போது நான்கு கழகங்கள் ஒரே கிழமையில் சுற்றுப்போட்டி வைக்கின்றன.

சேர், எங்கள் பயிற்றுவிப்பாளர் த்ரோ எறிவதற்கு ஒருநாள்கூடப் பயிற்சி தருவதில்லை. கேட்டால் ‘அதில் என்ன இருக்கிறது’ என்கிறார். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?
– பாடசாலை மாணவன், மருதமுனை

தம்பி, பக்கக்கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறிகிற அந்த த்ரோவில் நிறைய இருக்கிறது. இந்த மிட்யுலன் கழகம் 1999 இல் இரண்டு சிறு கழகங்கள் இணைந்து பிறந்தது. 2014 இல் மத்தியூ பென்ஹம் என்ற ஆங்கிலேயர் அதன் பெரும்பங்கை வாங்கினார். கணக்கும் புள்ளிவிபரமும் அவருடைய தொழில். 2015 இல் கழகம் முதன்முறையாகச் சம்பியன். மூலை உதை, சுயாதீன உதை, த்ரோ என்று பந்து நின்று தொடங்குகிற ஒவ்வொரு தருணத்தையும் அவர்கள் தனிப் பாடமாகப் படித்தார்கள். பெரிய பணக்காரக் கழகங்கள் கவனிக்காமல் விட்ட இடம் அது.

அந்தக் கழகத்தோடு வேலை செய்தவர் தோமஸ் குரோனமார்க். த்ரோ மட்டும் பயிற்றுவிப்பவர். 2010 இல் 51.33 மீற்றர் எறிந்து உலக சாதனை படைத்தவர். உன் பாடசாலை மைதானத்தின் ஒரு கோலிலிருந்து நடுக்கோடு வரை எண்ணிப் பார், எவ்வளவு தூரம் என்று விளங்கும். 2018 இல் லிவர்பூல் கழகம் அவரை அழைத்தது.

இரண்டு காலும் நிலத்தில். இரண்டு கையும் பந்தில். பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வர வேண்டும். எறிவதற்கு முன் பந்தைப் பனியனில் துடை. மணலும் ஈரமும் விரலில் இருந்தால் வழுக்கும். ஹேர்னிங்கில் ஒரு வீரர் ஒவ்வொரு முறையும் பந்தை மார்போடு அணைத்து, குழந்தையின் தலை துவட்டுவதுபோல் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுத்தான் கோட்டுக்குப் போனார். இன்னொன்று: த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓப்சைட் கிடையாது. இதை உன் அணியின் முன்வரிசை வீரரிடம் சொல். பலருக்குத் தெரியாது.

சின்ன ஊர்க் கழகம் ஒன்று அங்கே சம்பியனாக முடியுமா, அல்லது எல்லாம் பணம்தானா?
– வாசகர், பாண்டிருப்பு

முடிந்திருக்கிறது. 1999–2000 பருவத்தில் ஹெர்ஃபோல்ய என்ற சிற்றூரின் கழகம் சம்பியனானது. பயிற்றுவித்தவர் ஜோன் ஜென்சன். 1992 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் ஜேர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் முதல் கோலை அடித்தவர். ஆனால் அடுத்த பருவத்திலேயே ஹெர்ஃபோல்ய தரமிறங்கியது. அந்தக் கழகம் பிறகு 2009 இல் அயல் ஊர்க் கழகத்தோடு இணைந்துவிட்டது. பெரிய பெயருக்கும் தப்ப வழியில்லை: ஓடென்ஸ நகரின் ஓ.பி. கழகம், நான் பார்த்த அதே 2023–24 பருவத்தில்தான் கீழே போனது. ஒரு வருடத்தில் திரும்பி ஏறி வந்தது.

நம்மவர்கள் ஏன் கோப்பன்ஹேகனை விட்டு அந்த மிட்யுலனைக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகி, அக்கரைப்பற்று

அவர்கள் வாழும் இடம் அதுதான். 1980 களின் நடுவில் அகதிகளாகப் போன தமிழர்களில் பெரும்பகுதியினர் யூலாந்துப் பகுதியின் சிறு நகரங்களில் குடியேறினார்கள். ஹேர்னிங்கில் சித்தி விநாயகர், பிராண்டவில் அபிராமி அம்மன் என்று கோயில்களும் அங்கேதான்.

லீக் குளிரில் நின்றிருந்த 1993 தை மாதத்தில் அந்த நாட்டின் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்த விவகாரமே காரணம். ‘தமிழர் வழக்கு’ என்றே அங்கு பெயர். அப்போது காத்திருந்த பிள்ளைகள்தான் பின்னர் அந்த மைதானங்களில் வளர்ந்தார்கள். என் தங்கையின் பேரன் மிட்யுலனை ‘எங்கள் கழகம்’ என்று சொல்கிறான். சொல்ல அவனுக்கு முழு உரிமையும் உண்டு.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு லீக் நடத்த முடியுமா? பணம், மைதானம் இரண்டும் இல்லையே.
– விளையாட்டுக் கழகச் செயலாளர், பெரியகல்லாறு

ஐயா, உங்கள் கேள்வியைக் கடைசிக்கு வைத்ததன் காரணம், எல்லாக் கேள்விகளிலும் இதுவே என்னைத் தூங்கவிடாதது.

16 கழகங்கள், தோற்றால் வெளியேறும் விலகல் முறையில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். எட்டுக் கழகங்கள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும். என்னிடம் படித்த பையன் ஒருவன் இருந்தான். தாய் பாய் பின்னி விற்றுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் காலை ஐந்தரைக்கு வந்து ஓடினான். அந்த வருடம் ஒரே ஆட்டம், பெனால்டியில் தோற்றோம். அடுத்த மாசியில் அதே சப்பாத்தோடு வந்தான். அடிக்குமிழ்களில் தேய்மானம் இல்லை, ஆனால் கால் வளர்ந்துவிட்டது. குதிகால் உள்ளே போகவில்லை. தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் சேர் என்று அடுத்த நாள் வெறுங்காலோடு நின்றான்.

எட்டுக் கழகங்கள் போதும். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று ஆடினால் கழகத்துக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. கிழமைக்கு நான்கு ஆட்டம் வைத்தால் 14 ஞாயிறுகளில் முடியும். மாசியில் தொடங்கினால் கச்சான் முற்றுவதற்கு முன் முடிந்துவிடும். பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டாம்; அந்தப் பணத்தை மத்தியஸ்தருக்கும் பஸ் செலவுக்கும் வையுங்கள். கடலோர மணல் மைதானம் போதும். கிண்ணம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அட்டவணையை மட்டும் தைப்பொங்கலுக்கு முன் அச்சடித்து, எட்டு ஊர்களின் வாசிகசாலைகளிலும் ஒட்டிவிடுங்கள். முதல் சுற்றிலிருந்து பதினான்காம் சுற்று வரை, திகதியோடு.

மத்தியஸ்தராக நிற்க என் முழங்கால் இனி இடங்கொடாது. அட்டவணை போடுவது என் வேலை. எட்டுக் கழகங்களின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். பத்திரிகை முகவரிக்கே போதும். பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன்.