சைடு மிரர் உடைந்தால் முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

கார் சைடு மிரர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, நிறுத்தியிருந்த காரை பைக் ஒன்று உரசியதில் வலது மிரரில் கண்ணாடி மட்டும் விரிசல். கூடு நன்றாக இருக்கிறது. மெக்கானிக் முழு செட் மாற்றச் சொல்கிறார். (தாம்பரம்)

வேண்டாம் தம்பி. கூடும் உள்ளே இருக்கும் அசைக்கும் பாகமும் நன்றாக இருந்தால் கண்ணாடி மட்டும் போதும். பெரும்பாலான கார்களுக்கு அது பின்னால் பிளாஸ்டிக் பிளேட் ஒட்டியே தனியாகக் கிடைக்கும். கடையில் "மிரர் கிளாஸ், பிளேட்டோடு" என்று கேளுங்கள். கார் மாடல், வருடம், வலதா இடதா, மூன்றையும் சொல்லுங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் விசாரிக்கலாம். பழைய பாகம் பரவாயில்லை என்றால் புதுப்பேட்டை.

கழற்றும் முன் விரிசல் மேல் பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். சில்லு கொட்டாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதவை ஒட்டிய ஓரத்தை உள்ளே அழுத்தினால் எதிர் ஓரம் வெளியே எழும்பும். அந்த இடைவெளியில் விரலையோ அகலமான பிளாஸ்டிக் பட்டையையோ விட்டு உங்கள் பக்கமாக இழுங்கள். 'டப், டப்' என்று கிளிப்புகள் விடுபடும். அந்தச் சத்தத்தில் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். பிளேட் நேராக வருகிறதென்றால் சரியாகத்தான் வருகிறது. காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும், கொஞ்சம் வெயில் ஏறியதும் செய்யுங்கள். கண்ணாடியைச் சூடாக்கும் வசதி உள்ள காரானால் பின்னால் இரண்டு ஒயர் இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள்.

புதியதை மாட்டும்போது கிளிப்புகளை நேர்படுத்தி, துணி வைத்து உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். ஓரத்தில் அழுத்தினால் புதுக் கண்ணாடியும் விரிசல் விடும்.

கண்ணாடிக் கடையில் அதே அளவில் வெட்டி டபுள் டேப்பில் ஒட்டினால் செலவு மிச்சம்தானே? (மதுரை)

இதை மட்டும் செய்யாதீர்கள் சார். கடைக்காரர் வெட்டித் தருவது முகம் பார்க்கும் தட்டைக் கண்ணாடி. கார் மிரர், அதிலும் இடது பக்கத்தில் இருப்பது, லேசாகப் புடைத்த குவிக்கண்ணாடி. அதனால்தான் அந்தச் சின்ன அளவுக்குள் பக்கத்து லேன் முழுக்கத் தெரிகிறது. தட்டைக் கண்ணாடி வைத்தால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும்; பக்கத்தில் வரும் பைக் தெரியாமலே போகும். அதோடு, குவிக்கண்ணாடியில் வண்டிகள் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். நம் கண் அதற்குப் பழகியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் அந்தக் கணக்கே குழம்பும்.

பழைய கண்ணாடியையும் புதியதையும் டியூப்லைட்டுக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். டியூப்லைட் இரண்டிலும் ஒரே அளவில் தெரிந்தால் மாட்டலாம்.

மிரர் கழுத்தோடு முறிந்து ஒயரில் தொங்குகிறது. முழு செட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா? (திருச்சி)

முடியும். கதவின் உள்பக்கம், மிரருக்கு நேரே முக்கோண பிளாஸ்டிக் மூடி இருக்கும். பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும். நுனியில் துணி சுற்றிய பட்டையால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே பல கார்களில் மூன்று நட்டு, 10 எம்.எம். பாக்ஸ் ஸ்பேனர். சில மாடல்களில் மிரர் ஒயரை இணைக்கும் கனெக்டர் கதவின் உள்பக்க அட்டைக்குள் இருக்கும், அப்போது அட்டையையும் கழற்ற வேண்டிவரும்.

இதில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: நட்டு கதவுக்குள் விழக் கூடாது. எனக்கு ஒருமுறை விழுந்து, அதை எடுக்கவே ஒரு மதியம் போனது. அன்றிலிருந்து கீழே உள்ள ஓட்டையில் பழைய பனியன் துணியைத் திணித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறேன். கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒருவர் மிரரைத் தாங்கிப் பிடிக்கட்டும். புதியதை மாட்டியதும், மூடியைப் போடும் முன்பே சுவிட்சைப் போட்டு நான்கு பக்கமும் அசைகிறதா பாருங்கள்.

மிரரில் கேமரா உள்ள கார் என்றால் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். அதைத் திரும்ப அளவு சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எலக்ட்ரிக் மிரர் அசையவில்லை. மோட்டார் போச்சா? (சேலம்)

முதலில் சுவிட்சில் இடது, வலது தேர்வு நடுவில் நிற்கிறதா பாருங்கள். பலமுறை அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அசையாவிட்டால் ஃபியூஸ். ஒரு பக்கம் மட்டும் என்றால் காதை வைத்துக் கேளுங்கள்: மோட்டார் உறுமுகிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கிளிப்போ பல்சக்கரமோ விட்டிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மடக்கும்போது கடகட சத்தம், பாதியில் நிற்கிறது.

யாரோ கையால் தள்ளியிருப்பார்கள். சுவிட்சிலேயே முழுதாக மடக்கி, முழுதாக விரியுங்கள். பல கார்களில் 'டக்' என்று தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று முறை செய்தும் சரியாகவில்லை என்றால் பல் தேய்ந்திருக்கிறது.

போர் தண்ணீரில் கழுவி மிரர் முழுக்க வெள்ளைப் புள்ளி. (ஆவடியிலிருந்து ஓர் அம்மா)

அது உப்புக் கறை அம்மா. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டவைத்துத் துடையுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கண்ணாடி மேல் ஊற்ற வேண்டாம். ஓரத்தில் இறங்கினால் பூச்சு கறுக்கும். பாலிஷ், பல்பொடி, சாம்பல் எதுவும் கூடாது. பல கார் மிரர்களில் பூச்சு முன்பக்கமே இருக்கிறது, தேய்த்தால் கீறல் நிரந்தரம்.

இன்ஷூரன்ஸில் போடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 சிசி வரையான காருக்குக் கட்டாயமாக 1000 ரூபாய் உங்கள் பங்கு. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமலிருக்க எடுக்கும் கூடுதல் கவர்) இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதற்கு மேல், 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடியும், போகும். சாதாரண மிரருக்குக் கைக்காசே மேல். கேமராவோடு வரும் விலை உயர்ந்த செட் என்றால் யோசிக்கலாம்.

தினமும் காலையில் ஒரு தவிட்டுக்குருவி வந்து மிரரைக் கொத்துகிறது. கண்ணாடி முழுக்க எச்சம். விரட்டினாலும் போகவில்லை. (கோவை)

கண்ணாடியில் தெரிகிற தன்னையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கூடு கட்டும் காலத்தில் இது அதிகம், பாவம், அதற்கும் ஓய்வே இல்லை. விரட்ட வேண்டாம். காரை நிறுத்தியதும் இரண்டு மிரருக்கும் ஆளுக்கொரு மஞ்சப்பையை மாட்டி, காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். உருவம் தெரியாவிட்டால் சில நாளில் தானாக விட்டுவிடும். எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாமல், ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள்.